பழைய மாரிஸ் மைனர் வண்டியை ஓட்டலும் பேணலும்

நம் கல்லூரி மாணவருள் மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்தார் பலர். அவ்வண்டியின் உறுப்புக்களைத் தெரிந்தார் சிலர். இது மாணவர் குற்றமன்று. இக்காலத்து வண்டிகள் தம் உள்ளுறுப்புக்களை மூடிகளுக்குள் மறைத்துக்கொண்டு, பழுது நேர்ந்தவிடத்து ஓட்டுவோனுக்கு ஒரு சிறு விளக்கை மட்டும் ஏற்றிக் காட்டி, மற்றை இரகசியங்களையெல்லாம் பட்டறைக் கணிப்பொறிக்கே சொல்லுமாறு அமைக்கப்பட்டுள்ளன. முற்காலத்துக் குடும்ப வண்டி அத்தகையதன்று. அதனை வாங்குவோன் திங்கள்தோறும் ஒருமுறையேனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதன் கீழே புகுவான் என்று எண்ணியே அதனைச் செய்தோர் செய்தனர். அவ்வெண்ணம் அதன் ஒவ்வோர் உறுப்பிலும் பதிந்து கிடக்கின்றது. அதனை அறியாது ஓட்டுவோரை அவ்வண்டி நடுவழியில் கைவிடும்; சிலபொழுது உயிருக்கும் இறுதி பயக்கும். அறிந்து பேணுவோர்க்கோ அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் உழைக்கும். இதனை மாரிஸ் மைனர் என்னும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

மைனர் பிறந்த வரலாறு சுவையுடையது; ஆயினும் சுருக்கமாகவே கூறுவோம். ஸ்மிர்னா நகரில் 1906-ஆம் ஆண்டிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியறிஞர், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இதனை வரையத் தொடங்கினார். செய்து முடித்த மாதிரி வண்டி கண்ணுக்குக் குறுகலாகத் தோன்றியமையால், அவர் அதனை நெடுக்காக இரு கூறாக அறுத்து, இரண்டையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த நான்கங்குலத்தின் அடையாளமே. 1948-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரத்து எர்ல்ஸ் கோர்ட்டுக் கண்காட்சியில் இவ்வண்டி வெளிவந்தது. தொழிற்சாலையின் தலைவராகிய நஃபீல்டு பிரபு இதன் வடிவைக் கண்டு, வெந்நீரில் உடைத்துவிட்டு வேகவைத்த முட்டையைப் போலிருக்கின்றதென்று இகழ்ந்தார். அம்முட்டை ஏறத்தாழப் பதினாறு இலட்சம் விற்றது. பத்து இலட்சம் என்னும் எண்ணை எட்டிய முதல் ஆங்கில வண்டி இதுவேயாகும்.

இவ்வண்டிக்கும் நம் நாடுகளுக்கும் தொடர்புண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் இதனைப் பேபி ஹிந்துஸ்தான் என்னும் பெயரால் இந்தியாவில் வெளியிட்டனர். இதன் தமையன்மார் வரிசையில் வந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டே பின்னர் அம்பாஸிடராகி 2014-ஆம் ஆண்டு வரை நம்மிடையே செய்யப்பட்டு வந்தது. ஆதலின் ஈண்டு மைனரைக் குறித்துக் கூறுவன பல, அம்பாஸிடரை வீட்டில் நிறுத்தி வைத்திருப்போர்க்கும் பயன்படும். இலங்கையிலோ மைனர் இன்றும் சாலைகளில் ஓடக் காணலாம். அந்நாட்டைப் பற்றி மேலே ஒரு செய்தி கூறுவோம்.

பேணும் முறையைப் பேசுமுன், இப்பொழுது அதனைப் பேச வேண்டியதன் அவசியத்தை உரைத்தல் நலம். பிரிட்டனில் மூன்றாண்டு கடந்த வண்டிகளெல்லாம் ஆண்டுதோறும் அரசாங்க அங்கீகாரம் பெற்ற சாலைகளிற் சோதிக்கப்படுதல் வேண்டும். ஆனால் 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல், நாற்பது ஆண்டு கடந்த வண்டிகள் பெருமாறுதல் எதுவும் செய்யப்படாதிருப்பின் அச்சோதனையினின்றும் விலக்கப்பட்டன. மைனர் அனைத்தும் இவ்விலக்கினுள் அடங்கும். பழைய வண்டிகளை வைத்திருப்போர் அவற்றைக் கண்போற் காப்பர் என்பதே சட்டம் இயற்றினோர் கொண்ட கருத்து. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை வண்டியின் அடியைத் தட்டிப் பார்த்த அயலான் ஒருவனுடைய கண் இப்பொழுது இல்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டியது உடையவன் கண்ணேயாம். விரும்புவோர் தாமாகவே வண்டியைச் சோதனைக்குக் கொண்டுசெல்லலாம். நாம் அங்ஙனமே செய்யச் சொல்வோம். இந்தியாவில் நிலைமை வேறு. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியைப் பரிசோதனைக்குட்படுத்தியே பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்தவற்றிற்கென 2021-இல் தனிப்பதிவு ஒன்று வகுக்கப்பட்டது. அவ்வாறு பதிவுற்றவை கண்காட்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் ஆகுமேயன்றி அன்றாடப் போக்குவரவுக்கு ஆகா.

இனி வண்டியின் முன்சக்கரத்தை நோக்குவோம். மைனரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல நேரமுண்டு என்று எவரேனும் நம்மைக் கேட்பின், நாம் எஞ்சினைப் பற்றிச் சொல்லோம். டிரன்னியன் என்னும் கைப்பிடியளவான ஓர் இரும்பு மூட்டைப் பற்றியே சொல்வோம். அது யாதெனில்: முன்சக்கரம் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும் ஒரு கிங்பின்னைச் சார்ந்து இடமும் வலமும் திரும்புகின்றது. அக்கிங்பின்னின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை வெட்டப்பட்டிருக்கின்றது. அம்மரைகளில் திருகப்பட்டிருக்கும் மூட்டுக்களே டிரன்னியன்கள். மேல் மூட்டு அதிர்வுதாங்கியின் கையோடும், கீழ் மூட்டு வண்டியின் அடியிலுள்ள கைத்தண்டோடும் பொருந்துகின்றன. வண்டியின் முன்பாரம் நீண்ட முறுக்குத்தண்டு ஒன்றன் வழியாக அக்கீழ்க்கைக்கு வந்து, அங்கிருந்து கீழ் டிரன்னியன் வழியாகவே சக்கரத்தைச் சேர்கின்றது. இங்ஙனம் அம்மூட்டு பாரத்தைத் தொங்கவிட்டாற்போலச் சுமக்கின்றது. சுமப்பது எதனால்? மரையின் பற்களால். அப்பற்களோ ஓட்டுவோன் ஸ்டீரிங்கைத் திருப்புந்தோறும் ஒன்றோடொன்று உராய்கின்றன. உராயும் இரும்புக்கிடையே கிரீஸ் இருக்குமளவும் கேடில்லை. கிரீஸ் வற்றி, அவ்விடத்தில் நீரும் புழுதியும் புகுந்துவிடின், பற்கள் அரமிட்டதுபோல் தேயத் தொடங்கும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கிங்பின் மூட்டை விட்டுக் கழன்றுபோகும். சக்கரம் மடிந்து மட்காப்பின் கீழே சாயும். வண்டியின் மூக்குத் தரையில் உராயும்.

மைனர் வண்டிகளோடு பழகினோர், இது பெரும்பாலும் வண்டியை நிறுத்துங்காலத்துச் சக்கரத்தை முற்றத் திருப்பும்பொழுதே நிகழ்வதென்பர். அவ்வாறு நிகழின் நட்டம் மட்காப்போடு போம். ஆயினும் நாற்பது மைல் வேகத்தில் எதிரே லாரி வரும் சாலையில் நிகழாதென்பதற்கு யாரே உறுதி கூற வல்லார்? ஆகலின் பழைய கையேடுகள் ஆயிரம் மைலுக்கொருமுறை கிரீஸ் இடுக என்று வற்புறுத்தின. ஆண்டில் ஆயிரம் மைல் ஓடாத வண்டியாயினும் மூன்று திங்களுக்கொருமுறை இடுதல் நலம். நிற்கும் வண்டியிலும் நீர் புகும்.

கிரீஸ் இடுவதிலும் ஒரு முறையுண்டு. அது பலர்க்குத் தெரியாது. தெரிந்தோரும் சோம்பலால் விட்டுவிடுகின்றனர். வண்டி தன் நான்கு சக்கரத்தின்மேல் நிற்கும்பொழுது கிரீஸ் துப்பாக்கியைப் பொருத்தி அழுத்தினால், பாரத்தைத் தாங்கும் பற்களின் முகங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடத்தலின், கிரீஸ் மற்றைப் பக்கத்தின் வழியாகவே புகுந்து வெளியே வழிந்துவிடும். வேண்டிய இடம் வறண்டே கிடக்கும். முன்பாகத்தை ஜாக்கியால் உயர்த்திப் பலமான தாங்கிகளின்மேல் நிறுத்திச் சக்கரம் தொங்குமாறு விட்ட பின்னரே துப்பாக்கியை வைத்தல் வேண்டும். அழுத்திக்கொண்டே ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் திருப்ப, பழைய கரிய கிரீஸ் முதலில் வெளிப்பட்டுப் பின்னர்ப் புதியது தலைகாட்டும். அது காணுமளவும் விடாதிருக்க. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே எவரும் புகுதலாகாது. இதனை இளைஞர்க்கு அழுத்திச் சொல்லுகின்றோம்.

மூட்டுத் தேய்ந்திருக்கின்றதா என அறிவதும் எளிதே. தூக்கி நிறுத்திய சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு கைகளாற் பற்றி முன்னும் பின்னும் ஆட்டுக. ஆட்டம் தெரியின் அது வீல் பேரிங்கின் தளர்ச்சியோ மூட்டின் தேய்வோ என்னும் ஐயம் எழும். அப்பொழுது வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. பிரேக்கு மிதிக்கப்பட்டபோது சக்கரமும் அதன் அச்சும் ஒன்றாய் இறுகுதலின் பேரிங்கின் ஆட்டம் மறையும். மறையாது எஞ்சி நிற்கும் ஆட்டம் மூட்டினுடையதே. அதனைக் கண்ட பின்னர் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடுதல் தகாது. அம்பாஸிடர் வைத்திருப்போரும் தம் வண்டியின் முன்மூட்டுக்களை இவ்வாறே ஆட்டிப் பார்த்தல் வேண்டும்.

முன்மூட்டுக்கு அடுத்தபடி உயிரோடு தொடர்புடையது பிரேக்கு. மைனரின் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்குகளே. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் என்னும் ஒரே உருளையினின்று எண்ணெய் போன்ற ஒரு திரவம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் தள்ளப்படுகின்றது. இக்காலத்து வண்டிகளில் இக்குழாய்வழி இரண்டாகப் பகுக்கப்பட்டிருத்தலின் ஒன்று போயினும் மற்றொன்று வண்டியை ஓரளவு நிறுத்தும். மைனரில் வழி ஒன்றே. எங்கேனும் ஓர் இரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே போம். எஞ்சுவது பின்சக்கரங்களைக் கம்பியால் இழுக்கும் கைப்பிரேக்கு மட்டுமே. ஆதலின் அக்கைப்பிரேக்கு, மேட்டில் வண்டியை நிறுத்தி வைப்பதற்கு மட்டும் அமைந்த அலங்காரமன்று.

மாஸ்டர் சிலிண்டர் இருக்குமிடமோ வியப்புக்குரியது. ஓட்டுவோன் காலடியில், தரைத்தகட்டின் கீழே, சட்டத்தினுள் அது ஒளிந்து கிடக்கின்றது. கால்விரிப்பைத் தூக்கி, சிறு மூடி ஒன்றை நீக்கினாலன்றித் திரவத்தின் அளவைக் காணவியலாது. கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்துபோதல் உலகியல்பு. எஞ்சின் எண்ணெயை நாள்தோறும் அளப்போரும் இதனை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகின்றனர். திங்களுக்கொருமுறை அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்குமுன் சுற்றுப்புறத்துப் புழுதியைத் துடைத்துவிடுக. ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் இரப்பர் வளையத்தைக் கீறிவிடும். அளவு குறைந்திருப்பின் நிரப்புவதோடு அமையாது, குறைந்தது எங்கே போயிற்று என்று சக்கரம் நான்கன் உட்புறத்தையும் பார்த்தல் அவசியம். மேலும் இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய திரவம் மலைச்சாலை இறக்கத்திற் பிரேக்கு சூடேறியபோது ஆவியாகிக் குமிழிட, மிதி வெறுமையாய்த் தரையைத் தொடும். இரண்டாண்டுக்கொருமுறை முழுவதும் மாற்றிவிடுதலே தக்கது.

பிரேக்கு மிதி தன் குறையைத் தானே சொல்லவல்லது. முதல் மிதிப்பில் ஆழமாய்ச் சென்று, உடனே இரண்டாம் முறை மிதிக்க மேலே நிற்குமாயின், டிரம்முக்கும் கட்டைக்கும் இடைவெளி மிகுந்ததென்பது பொருள். டிரம்மிலுள்ள துளையின் வழியே திருப்புளியை விட்டு நெருக்கி வைத்தால் சரியாகும். மிதிக்கும்பொழுது பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயிற் காற்று புகுந்துள்ளது. உறுதியாய் நின்ற மிதி, காலை எடாது அழுத்திக்கொண்டிருக்க மெல்ல மெல்லத் தாழுமாயின் திரவம் எங்கோ கசிகின்றது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இரப்பர் தேய்ந்துவிட்டது. இம்மூன்றாவதைக் கண்டோர் அவ்வண்டியைத் தெருவுக்குக் கொண்டுசெல்லலாகாது.

துருவைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். மைனருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் இல்லை. தகடுகளை மடித்து ஒட்டிய உடலே சட்டமும் ஆகும். ஆதலின் கதவுகளின் கீழுள்ள படிப்பெட்டிகளும், முறுக்குத்தண்டின் பின்நுனியைப் பற்றி நிற்கும் குறுக்குப்பெட்டியும், பின்ஸ்பிரிங்கு தொங்கும் இடங்களும் துருப்பிடித்தால் அது அழகுக்குறையன்று, எலும்புருக்கி நோயே. வெளியே பளபளப்பான வர்ணத்தைக் கண்டு மயங்கி வாங்குவோர், அடியிற் படுத்து ஒரு சிறு சுத்தியலாற் தட்டிக் கேட்டல் வேண்டும். நல்ல இரும்பு கணீரென்னும். புரையோடியது மந்தமாய் ஒலிக்கும். டிராவலர் என்னும் வகையிற் பின்பாகத்தின் மரச்சட்டமும் பாரந்தாங்குவதே. அம்மரம் மக்கினும் இதே கதிதான். இங்கே இலங்கைச் செய்தியைக் கூறுவோம். பாத் நகரத்தில் மைனர் நிலையம் நடத்திய சார்லஸ் வேர் என்பார், நெடுநாள் உழைக்கும் வண்டியே சிக்கனமான வண்டி என்னும் கொள்கையுடையவர். 1982-ஆம் ஆண்டில் இதனை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். 1990-களில் அவரோடு சேர்ந்து இலங்கையில் ஒரு தொழிற்சாலை தோன்றி, மைனரின் உடல்தகடுகளையும் பிற பாகங்களையும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. இங்கிலாந்திற் பிறந்த வண்டிக்கு இலங்கைக் கம்மியர் உறுப்பளித்த இச்செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவதே.

நிற்க. எஞ்சினுக்கு வருவோம். மைனரில் நான்கு வகை எஞ்சின்கள் காலந்தோறும் வைக்கப்பட்டன. 1948-இல் 918, 1952 முதல் 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098 கன சென்டிமீட்டர். பின்னைய மூன்றும் ஒரே குடும்பத்தவை. அவற்றைக் காலையிற் கிளப்புங்கால் செவியைத் தீட்டிக்கொள்ளல் வேண்டும். சாவியைத் திருப்பினவுடன் எஸ்.யு. என்னும் மின்சாரப் பெட்ரோல் பம்பு டக், டக் என்று விரைந்து தட்டி, கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். அடங்காது தட்டிக்கொண்டேயிருப்பின் பெட்ரோல் தீர்ந்தது, அல்லது குழாயிற் காற்றுப் புகுகின்றது, அல்லது கிண்ணத்தின் ஊசி மூடாமற் பெட்ரோல் வழிகின்றது. இறுதியாகச் சொல்லியது தீவிபத்துக்கு இடமாதலின் முதலில் அதனையே பார்த்தல் வேண்டும். தட்டாமலே மௌனஞ் சாதிக்கின் பம்பினுள் மின்முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்புளிப் பிடியால் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாற் பெரும்பாலும் வேலை செய்யும். அத்தட்டு வீடு போய்ச் சேர்வதற்கே ஒழிய மருந்தன்று. முனைகளைச் சுத்தி செய்தல் மறுநாட் கடமை.

மூவாயிரம் மைலுக்கொருமுறை எண்ணெய் மாற்றுக. 20டபிள்யூ-50 என்னும் கனத்த தாது எண்ணெயே ஏற்றது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம். கார்புரேட்டரின் மேலுள்ள சிறு மூடியைத் திருகி எடுத்து, அதனுள் உள்ள எண்ணெய் வற்றாமற் பார்த்துக்கொள்க. வற்றினால் வேகத்தைக் கூட்டும்போது எஞ்சின் திக்கும். இவை கையேட்டிலுள்ளவை.

வால்வு இடைவெளியைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைப்போம். அதில் ஒரு கணக்கின் அழகு இருக்கின்றது. மேற்கூறிய பின்னைய மூன்று எஞ்சின்களில் நான்கு உருளைக்கு எட்டு வால்வுகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றன் தண்டுக்கும் அதனை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையே 0.012 அங்குலம் வெளி வேண்டும். அளக்குங்கால் அவ்வால்வு முற்றும் மூடியிருத்தல் அவசியம். முற்றும் மூடியிருப்பதை எங்ஙனம் அறிவது? முன்னின்று பின்னாக ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்க. கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றி எந்த வால்வு முழுதும் அமுங்கி நிற்கின்றதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க. வருவதே அளக்கவேண்டிய வால்வு. முதலாவது அமுங்கின் எட்டாவதையும், மூன்றாவது அமுங்கின் ஆறாவதையும், ஐந்தாவது அமுங்கின் நான்காவதையும் அளக்கலாம். உருளைகள் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் வெடித்தலும், வால்வுகள் முன்பாதிக்குப் பின்பாதி கண்ணாடி நிழல்போல் அமைந்திருத்தலுமே இதற்குக் காரணம். அம்பாஸிடரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கும் இவ்வொன்பதின் விதி பொருந்தும்; இடைவெளி அளவு மட்டும் வேறு.

இவ்விடைவெளியை அடிக்கடி பார்க்கவேண்டியதற்கு இக்காலத்தில் ஒரு தனிக்காரணமும் உண்டு. முற்காலத்துப் பெட்ரோலில் ஈயச்சேர்க்கை கலந்திருந்தது. அது நஞ்சாயினும் வால்வு உட்காரும் இரும்பு விளிம்பின்மேற் படிந்து அதனைக் காத்தது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் பொதுவிற்பனையினின்று நீங்கியது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்நஞ்சு ஒழிந்தமைக்கு எவரும் வருந்தார். ஆனால் பழைய எஞ்சினில், புகைபோக்கும் வால்வு தன் இருக்கையைச் சிறிது சிறிதாகக் குடைந்து உள்ளே இறங்கும். இறங்க இறங்க இடைவெளி சுருங்கி, இறுதியில் வால்வு மூடாமலே நின்று எரிந்துபோம். ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வரக் காண்போர், எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி உறுதியான எஃகு வளையங்களைப் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஒருமுறை செய்தால் எஞ்சின் உள்ளளவும் போதும்.

ஈயம் போக, எத்தனால் என்னும் சாராயம் வந்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை அது கலக்கப்படுகின்றது; பழைய வண்டிகளுக்கு ஐந்து பங்குள்ள உயர்தரப் பெட்ரோலையே இடுமாறு அரசாங்கத்தாரே அறிவுறுத்தினர். இந்தியாவிலோ இருபது பங்கு என்னும் அளவே பொதுவழக்காயிற்று. இச்சாராயம் நீரை ஈர்க்கும். பழைய இரப்பர்க் குழாய்களை இளக்கும். கலவையிற் பெட்ரோலின் வலிமையைக் குறைத்து எஞ்சினைச் சூடேற்றும். ஆதலின் பழைய இரப்பர்க் குழாய்களை எத்தனாலுக்கு ஈடுகொடுக்கும் புதிய குழாய்களாக மாற்றுதலும், கார்புரேட்டரின் அடியிலுள்ள ஜெட்டுத் திருகைச் சற்றே இறக்கிக் கலவையைச் செழிப்பாக்குதலும், பல வாரம் நிறுத்தி வைக்கும்பொழுது கிண்ணத்தை வடித்துவிடுதலும் வேண்டும். எஞ்சின் மூடியைத் திறந்தவுடன் பெட்ரோல் நாற்றம் வீசின் சாவியைத் தொடாதேயுங்கள்.

மின்சாரப் பகுதியில் எச்சரிக்கத்தக்கது ஒன்றுதான். பெரும்பாலான மைனர்களிற் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கமோ இதற்கு நேர்மாறு. அறியாத கம்மியன் புதுப்பாட்டரியை மாற்றிப் பூட்டுவதும், புதிய ரேடியோவை அப்படியே இணைத்து எரித்துவிடுவதும் அடிக்கடி நிகழ்வன. நேர்முனை உடலோடு என்று ஓர் அட்டையில் எழுதிப் பாட்டரியின் அருகே கட்டித் தொங்கவிடுதல் நன்று.

ஓட்டுமுறையிலும் சில வேற்றுமைகள் உள. முதற் கியருக்கு ஒத்தியக்கும் அமைப்பு இல்லை. ஆதலின் வண்டி முற்றும் நின்ற பின்னரே அதனை இடுதல் வேண்டும், இல்லையேற் பல்லைக் கடிக்கும். 1961-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளில் திரும்பும் குறியாகக் கதவுத்தூணினின்று ஒரு சிறு கை எழும்பும். இக்காலத்து ஓட்டுநர்க்கு அக்கை கண்ணிற் படுவதேயில்லை. பட்டாலும் அதன் பொருள் தெரியாது. நம் கையையும் வெளியே நீட்டிவிடுதலே பாதுகாப்பு. முன்செல்லும் புதுவண்டி, தட்டுப் பிரேக்குகளும் அகன்ற டயர்களும் உடையதாதலின் நினைத்த இடத்தில் நின்றுவிடும், நாம் நில்லோம். ஆகையால் பிறர் விடும் இடைவெளியைப்போல் இருமடங்கு விடுக. அவ்விடைவெளியில் வேறொருவன் புகுந்து நிற்பான்; நிற்கட்டும், மீண்டும் பின்வாங்குக. இவ்வண்டியில் இருப்போர்க்கு அவசரம் ஆகாது. பெரும்பாலான மைனர்கள் செய்யப்பட்ட காலத்தில் இருக்கைப்பட்டையும் கட்டாயமாக இருந்ததில்லை. குழந்தைகளை ஏற்றுவோர் முன்னும் பின்னும் பட்டைகளைத் தக்க இடத்திற் பதித்துக்கொள்ளாமல் ஏற்றலாகாது.

பாட்டரி தளர்ந்த காலையில் வண்டியின் முகத்திலுள்ள துளை வழியே கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாம். இதனைச் செய்வோர் கியர் நடுநிலையில் இருக்கின்றதா, கைப்பிரேக்கு இழுக்கப்பட்டுள்ளதா என்று முதலிற் பார்க்க. கைப்பிடியைப் பற்றுங்கால் கட்டைவிரலை மற்றை நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்க, வளைத்துப் பிடிக்கலாகாது. எஞ்சின் சிலபொழுது எதிர்த்துத் திரும்பி உதைக்கும்; அப்பொழுது வளைத்த கட்டைவிரல் முறியும், ஒட்டிவைத்த கை வழுக்கி விலகிவிடும். கீழ்நோக்கி அழுத்தாமல், கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு இழுக்க. அம்மேல்வீச்சு ஒன்றே எஞ்சினைப் பற்றவைக்கப் போதும்.